மூன்றாம் குஸ்தாவும் ஸ்வீடன் நாடக மேடையும்: கலை ஆர்வமா, அரசியல் கணக்கா?

வடமீன் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்வீடனை 1771 முதல் 1792 வரை ஆண்ட மூன்றாம் குஸ்தாவை அந்நாட்டார் 'நாடக அரசர்' என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். தந்தை காலமாகித் தாம் அரசரான செய்தி, பாரிஸ் ஓபராவில் அமர்ந்திருந்தபோதுதான் அவருக்குக் கிடைத்தது. தாமே கட்டுவித்த ஸ்டாக்ஹோம் ஓபரா மாளிகையில் நடந்த முகமூடி நடனத்தின்போதுதான் அவர் சுடப்பட்டார். இந்த இரண்டு இரவுகளுக்கும் இடையில் அவர் ஓபராவையும் பாலே குழுவையும் நாடக அரங்கையும் நிறுவினார், நாடகங்கள் எழுதினார், சில காலம் தாமே வேடமிட்டும் நடித்தார்.

நான் படித்த நூல்கள் அவரை இரண்டு விதமாகக் காட்டுகின்றன. அரசாங்க வேலையைவிட ஒத்திகையே பெரிதென்று திரிந்த கலைப்பித்தர் என்கிறார்கள் சிலர். மேடையைத் தம் அதிகாரத்துக்கு விளம்பரமாகப் பயன்படுத்திய தேர்ந்த அரசியல்வாதி என்கிறார்கள் வேறு சிலர். இவற்றில் எது உண்மைக்கு நெருக்கமானது? இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் புகழ்பெற்ற 'முகமூடி நடனம்' (Un ballo in maschera) ஓபராவில் வரும் கதைக்கும் உண்மையில் நடந்ததற்கும் எவ்வளவு தொடர்பு உண்டு என்பதையும், அவர் உருவாக்கியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை எவை என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திரைக்குப்பின் எழுதிய பதில்:

அவர் எதை மாற்றினார் என்று புரிந்துகொள்ள, அவருக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய தாய் லொவிசா உல்ரிகா, பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக்கின் தங்கை. அவர் 1753-இல் பிரெஞ்சு நாடகக் குழு ஒன்றை ஸ்டாக்ஹோமுக்கு வரவழைத்தார். அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் அதுவே நாடகமாக இருந்தது. ஸ்வீடிஷ் மொழியில் நடந்த நாடகங்களை மேட்டுக்குடியினர் அவ்வளவாக மதிக்கவில்லை. குஸ்தாவும் பிரெஞ்சு மொழியிலேயே வளர்ந்தவர்தான். கடிதங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே எழுதினார், ஸ்வீடிஷ் எழுத்தில் அவருக்குப் பிழைகள் மலிந்திருந்தன. இப்படிப்பட்டவர் பட்டத்துக்கு வந்த 1771-ஆம் ஆண்டிலேயே அந்தப் பிரெஞ்சுக் குழுவைக் கலைத்துவிட்டு, இனி ஓபரா ஸ்வீடிஷ் மொழியில்தான் என்று முடிவெடுத்தது சாதாரணமான காரியம் அன்று.

அப்போது ஸ்வீடிஷ் மொழி ஓபராவுக்கு ஏற்றதல்ல என்ற எண்ணம் பரவலாக இருந்தது, பயிற்சி பெற்ற பாடகர்களும் இல்லை. கார்ல் ஸ்டென்போர்க் என்ற இளைஞர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், அவர்தான் முதல் ஓபராவின் நாயகர் ஆனார். நாயகியாகப் பாடிய எலிசபெத் ஒலின் சிறுவயதில் மேடை ஏறியிருந்தாலும், பின்னர் ஓர் அரசு அதிகாரியின் மனைவியாகக் குடும்ப வாழ்வில் இருந்தவர். மேடைக்கு வரத் தயங்கிய அவரை நல்ல சம்பளம் தருவதாகச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள். 1773 ஜனவரி 18 அன்று, போல்ஹூசெட் என்ற பழைய பந்தாட்டக் கூடத்தில், 'தெடிஸும் பெலீயும்' என்ற ஓபரா அரங்கேறியது. கதை அமைப்பு மன்னருடையது, வரிகளை எழுதியவர் யோஹான் வெலாண்டர், இசை இத்தாலியரான உத்தினியுடையது. அதே ஆண்டு நவம்பரில் இசையமைப்பாளர் குளூக்கின் 'ஓர்பியஸ்' ஓபரா ஸ்வீடிஷில் மேடையேறியது. பாரிஸ் மக்கள் அந்த ஓபராவைத் தங்கள் மொழியில் கேட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஸ்டாக்ஹோம் எவ்வளவு வேகமாக ஓடியது என்பது விளங்கும்.

அவருடைய வேலைமுறையையும் கவனிக்க வேண்டும். பொதுவாக அரசர்கள் பணம் கொடுப்பார்கள், முன்வரிசையில் அமர்வார்கள், அத்தோடு சரி. குஸ்தாவோ காட்சி காட்சியாக உரைநடையில் முழுத் திட்டத்தையும் எழுதிவிடுவார். பாத்திரம் எங்கிருந்து நுழைய வேண்டும், எப்போது திரை மாற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கவிஞர் ஒருவர் செய்யுளாக்குவார், பிறகு இசையமைப்பாளரிடம் போகும். அவருடைய புகழ்பெற்ற படைப்பான 'குஸ்தாவ் வாசா' ஓபரா இப்படித்தான் உருவானது. கவிதை கெல்கிரென், இசை நவ்மன், காட்சியமைப்பு லூயி ழான் தெப்ரே. தெப்ரேயை மன்னர் இத்தாலிப் பயணத்தின்போது சந்தித்து, ஒப்பந்தம் செய்து கையோடு ஸ்வீடனுக்கு வரவழைத்துக்கொண்டார். 1786 ஜனவரி 19 அன்று அந்த ஓபரா அரங்கேறியது. 1520-இல் டேனிஷ் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியான் ஸ்டாக்ஹோமில் பிரபுக்களைக் கொன்று குவித்ததும், அதன்பின் குஸ்தாவ் வாசா நாட்டை மீட்டதும் அதன் கதை. தேசத்தின் காவல் தெய்வம் மேடையில் தோன்றும் காட்சியும், நகர மதில்களை முற்றுகையிடும் காட்சியும் பார்வையாளர்களை ஆட்டிவைத்தன.

அதே 1786-இல் ஸ்வீடிஷ் அகாதமியையும், 1788-இல் அரச நாடக அரங்கையும் தொடங்கினார். நாடக அரங்கின் தொடக்க விதி மிகக் கடுமையானது. ஸ்வீடிஷில் நேரடியாக எழுதப்பட்ட நாடகங்கள் மட்டுமே அங்கு நடிக்கப்பட வேண்டும், மொழிபெயர்ப்புகளுக்கு இடமில்லை. போதிய நாடகங்கள் இல்லாமல் அந்த விதி விரைவிலேயே தளர்ந்தது. ஆனாலும் நாடகங்களே அரிதாக இருந்த ஒரு மொழிக்கு அப்படியொரு விதியை வகுக்க, அந்த மொழியின் மேல் தனி நம்பிக்கை வேண்டும். என்னைக் கேட்டால் அவர் முதலில் நாடகக்காரர், பிறகுதான் அரசர்.

கணக்குப்பிள்ளை எழுதிய பதில்:

திரைக்குப்பின் அவர்களின் தகவல்களோடு எனக்குப் பிணக்கு இல்லை, அவருடைய கடைசி வரியோடுதான் பிணக்கு.

குஸ்தாவ் பட்டத்துக்கு வந்தபோது ஸ்வீடனில் மன்னர் வெறும் கையெழுத்து இயந்திரமாக இருந்தார். அதிகாரம் முழுவதும் பிரபுக்கள், மதகுருமார், நகரத்தார், குடியானவர் என்ற நான்கு வகுப்பாரின் பேரவையிடமும், அதில் ஓங்கியிருந்த பிரபுக்களிடமும் இருந்தது. 1772 ஆகஸ்ட் 19 அன்று அவர் துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் ஆட்சியைக் கைப்பற்றினார். அன்று அவர் இடது கையில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார், ஆதரவாளர்கள் எல்லோரும் அதேபோல் கட்டிக்கொண்டார்கள், நகரமெங்கும் அந்த அடையாளம் பரவியது. யார் யார் பக்கம் என்பது ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நாடக மேடையில் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டும் உத்தி இதுவேதான். முதல் ஓபரா அரங்கேறியது இதற்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு என்பதையும் மறந்துவிட வேண்டாம். புதிய ஆட்சிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, மேடை அந்த முகத்தைக் கொடுத்தது. ஆனால், அதே மன்னர் 1774-இல் பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறுக்கினார். மேடையில் ஸ்வீடிஷ் மொழி முழங்க வேண்டும், அச்சில் மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும் என்பது மொழிப்பற்று மட்டுமே என்று நான் ஏற்க மாட்டேன்.

'குஸ்தாவ் வாசா' ஓபராவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். டென்மார்க் அரசர் கொடுங்கோலர், குஸ்தாவ் என்ற பெயருடையவர் நாட்டின் மீட்பர். டென்மார்க்கிடமிருந்து நார்வேயைப் பறிக்க வேண்டும் என்று உள்ளூர ஆசை வைத்திருந்த ஒரு மன்னருக்கு இதைவிட வசதியான கதை கிடைக்குமா? இரண்டு ஆண்டுகள் கழித்து, 1788-இல், அந்த மேடைக்கதை நிஜத்தில் கைகொடுத்தது. ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய சொந்தப் படை அதிகாரிகளே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள், டென்மார்க்கும் தாக்கத் தயாரானது. மன்னர் நேரே டாலர்னா பகுதிக்குச் சென்று, மூரா என்ற ஊரில் குடியானவர்களைத் திரட்டிப் பேசினார். குஸ்தாவ் வாசா தம் கிளர்ச்சிக்கு ஆள் திரட்டியதாகச் சொல்லப்படும் அதே இடம் அது. குடியானவர்கள் படையாகத் திரண்டார்கள். 1786-இல் மேடையில் பாடப்பட்ட கதையில் இப்போது மன்னரே நாயகனாக நின்றார்.

ரஷ்யப் போர் தொடங்கிய விதம் இன்னும் வெளிப்படையானது. அவரே கொண்டுவந்த 1772 அரசமைப்பின்படி, பேரவையின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் தாமாகப் படையெடுக்க முடியாது, தற்காப்புப் போர் மட்டுமே நடத்தலாம். ஆகவே எல்லையில் பூமாலா என்ற இடத்தில் ரஷ்யர்கள் ஸ்வீடிஷ் காவல் நிலை ஒன்றைச் சுட்டதாக ஒரு சம்பவம் நடந்தது. சுட்டவர்கள் ரஷ்ய உடையணிந்த ஸ்வீடிஷ்காரர்கள் என்றும், அந்த உடைகள் ஸ்டாக்ஹோம் ஓபராவின் தலைமைத் தையற்காரரிடம் தைக்கக் கொடுக்கப்பட்டவை என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஓபராவின் உடையறை ஒரு போரையே தொடங்கி வைத்தது என்றால், மேடை எங்கே முடிந்து ஆட்சி எங்கே தொடங்கியது என்று கோடு கிழிப்பது யாரால் முடியும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெறும் விளம்பரம் வேண்டியவர் நள்ளிரவு வரை ஒத்திகையில் உட்கார மாட்டார். கவிஞரை வைத்து எழுதவைத்துவிட்டு, தலையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

வடமீன்:

இருவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன பூமாலா சம்பவம் எனக்கு முற்றிலும் புதிய செய்தி. மன்னர் தாமே நடித்தார் என்று கேட்டிருந்தேனே, அது எவ்வளவு தூரம் போனது? அரண்மனைக்குள் அதை யாரும் தடுக்கவில்லையா?

திரைக்குப்பின்:

தடுத்தார்கள். 1775-ஆம் ஆண்டு முடிந்து 1776 பிறந்த குளிர்காலத்தில் கிரிப்ஸ்ஹோல்ம் கோட்டையில் அரசவையினர் நாடகங்கள் நடித்தபோது, மன்னர் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். பெரும்பாலும் பிரெஞ்சுத் துன்பியல் நாடகங்கள். அரசவைப் பெண்களும் பிரபுக்களும் உடன் நடித்தார்கள். நாள்தோறும் பாடம் செய்வதும் ஒத்திகை பார்ப்பதுமாக நேரம் போனது, ஆட்சிக் காகிதங்கள் காத்துக் கிடந்தன. முடிசூடிய மன்னர் வேடம் கட்டுவது பதவியின் மதிப்பைக் குறைக்கும் என்று நெருங்கியவர்களும் வெளிநாட்டுத் தூதர்களும் முகம் சுளித்ததால், அதன்பின் அவர் நடிப்பதை விட்டுவிட்டார். ஆனால் எழுதுவதையும் அரசவையினரை நடிக்க வைப்பதையும் விடவில்லை. அந்தக் கோட்டையின் உருண்டைக் கோபுரம் ஒன்றுக்குள் 1781-இல் எரிக் பால்ம்ஸ்டெட் ஓர் அழகிய சிறு அரங்கைக் கட்டினார், அது இன்றும் இருக்கிறது.

1781-இல் பிரெஞ்சுக் குழு ஒன்றும் மொன்வேல் என்ற நடிகரின் தலைமையில் மீண்டும் வந்தது. மன்னருக்குப் பழைய சுவை விடவில்லை என்று இதைக் கேலி செய்யலாம். ஆனால் ஸ்வீடிஷ் நடிகர்களின் ஒரு தலைமுறையே மொன்வேலிடம் பயிற்சி பெற்றது, 1788-இல் தொடங்கிய நாடக அரங்குக்கு ஆட்கள் கிடைத்தது அதனால்தான்.

இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு பெரிது, அதைப் பற்றிய முணுமுணுப்பும் பெரிது. அதை நான் மறுக்கவில்லை.

பழைய_மேடை எழுதிய பதில்:

எஞ்சியிருப்பது எது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். முதலில் கொலையைப் பற்றிய பகுதியை முடித்துவிடுகிறேன்.

1789-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று பிரபுக்களின் சலுகைகளைப் பெருமளவு வெட்டியது, மன்னரின் அதிகாரத்தைக் கூட்டியது. அதனால் மூண்ட பகையே 1792-இல் வெடித்தது. மார்ச் 16 இரவு, நடனத்துக்கு முன்பு ஓபரா மாளிகையிலேயே உணவருந்திக்கொண்டிருந்த மன்னரிடம் பெயரில்லாக் கடிதம் ஒன்று தரப்பட்டது. எழுதியவர் சதியை அறிந்திருந்த லிலியேஹூர்ன் என்ற அதிகாரி, இன்று நடனத்துக்கு இறங்க வேண்டாம் என்பது செய்தி. மன்னர் அதைப் பொருட்படுத்தாமல் முகமூடியும் மேலங்கியும் அணிந்து கூடத்துக்குள் வந்தார். மேலங்கியில் அரச விருதின் நட்சத்திரம் மின்னியதால் அவரை அடையாளம் காண யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. முகமூடியணிந்த சிலர் சூழ்ந்துகொள்ள, முன்னாள் படை அதிகாரியான ஆங்கர்ஸ்ட்ரோம் பின்னாலிருந்து முதுகில் சுட்டார். கதவுகள் மூடப்பட்டன, எல்லோரும் முகமூடியைக் கழற்றிப் பெயரைச் சொல்லிவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. தரையில் கிடந்த கைத்துப்பாக்கியைச் செப்பனிட்ட கொல்லரே உரிமையாளரை அடையாளம் காட்டினார். மன்னர் உடனே இறக்கவில்லை. புண் சீழ்ப்பிடித்து, மார்ச் 29 அன்று காலமானார்.

வெர்டியின் கதையில் வரும் காதலும், நண்பனின் மனைவியும் வரலாற்றில் இல்லை. அந்தக் கற்பனை 1833-இல் பாரிஸில் ஓபேர் இசையமைத்த ஓபராவுக்காக ஸ்க்ரீப் எழுதியது, வெர்டி அதையே எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய அரசர் ஒருவர் மேடையில் கொல்லப்படுவதை, முதலில் அரங்கேற்றத் திட்டமிட்டிருந்த நேப்பிள்ஸின் தணிக்கையாளர்கள் விரும்பவில்லை. ரோமில் 1859-இல் அரங்கேறியபோது மன்னர் பாஸ்டன் ஆளுநராக மாறியிருந்ததற்குக் காரணம் தணிக்கைதான். கடந்த நூற்றாண்டில் பல அரங்குகள் கதையை மீண்டும் ஸ்வீடனுக்கே கொண்டுவந்துவிட்டன.

இனி எஞ்சியவை. 1782-இல் அடெல்கிரான்ஸ் வடிவமைப்பில் திறக்கப்பட்ட ஓபரா மாளிகை இப்போது இல்லை. மன்னரின் மகன் நான்காம் குஸ்தாவ் அடால்ப், தந்தை சுடப்பட்ட அந்தக் கட்டடத்தைச் சகிக்க முடியாமல் 1806-இல் ஓபராவையே மூடினார். 1809-இல் அவர் அரியணை இழந்த பின்னரே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. கட்டடம் 1892-இல் இடிக்கப்பட்டது, அதே இடத்தில் இப்போதுள்ள மாளிகை 1898-இல் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தின் முகப்பு எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர், சதுக்கத்தின் எதிர்ப்புறத்தைப் பார்த்தால் போதும். ஓபராவுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அதே பாணியில் கட்டப்பட்ட மாளிகை அங்கு நிற்கிறது, இன்று அது வெளியுறவு அமைச்சகம்.

ஆனால் உண்மையான புதையல், ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள ட்ரொட்னிங்ஹோல்ம் அரண்மனையின் அரங்கு. அதைக் கட்டுவித்தவர் குஸ்தாவ் அல்லர், அவருடைய தாய். முந்தைய அரங்கு 1762-இல் தீக்கிரையான பின், 1766-இல் இது முடிந்தது. பளிங்குபோலத் தோன்றும் தூண்களும் அலங்காரங்களும் உண்மையில் வண்ணம் பூசிய மரமும் சுதையும் காகிதக்கூழுமே. குஸ்தாவ் அதைத் தம் கோடைக்கால அரங்காக ஆக்கிக்கொண்டார். அவர் இறந்தபின் அது பூட்டிக் கிடந்தது, சாமான் அறையாகப் பயன்பட்டது. 1921-இல் ஆக்னே பெய்யர் என்ற ஆய்வாளர் ஓவியம் ஒன்றைத் தேடி உள்ளே போனபோது, தூசிக்கு அடியில் 18-ஆம் நூற்றாண்டுக் காட்சித் திரைகளும் மேடை இயந்திரங்களும் அப்படியே இருப்பதைக் கண்டார். கயிறுகளைப் புதிதாக மாற்றி, மெழுகுவத்திகளுக்குப் பதிலாக மின்விளக்குகளைப் பொருத்தி, 1922-இலேயே மீண்டும் திறந்துவிட்டார்கள். வறுமையும் மறதியும் காப்பாற்றியது இது. யாராவது பணக்கார மன்னர் இடையில் வந்திருந்தால் 'நவீனப்படுத்தி' ஒழித்திருப்பார்.

இத்தாலியரான டொனாட்டோ ஸ்டொப்பானி அமைத்த அந்த இயந்திரங்கள் வேலை செய்யும் விதம் அழகானது. மேடையின் இருபுறமும் உள்ள பக்கத் தட்டிகள், தரையிலுள்ள நீண்ட பிளவுகளின் வழியாகக் கீழ்த்தளத்து வண்டிகளில் நிற்கின்றன. கீழே பெரிய செக்கு ஒன்று இருக்கிறது. ஆட்கள் அதன் கைமரங்களைத் தள்ளிச் சுற்றும்போது ஒருபுறம் பழைய தட்டிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன, அதே நேரத்தில் புதிய தட்டிகள் வெளியே வருகின்றன. திரையை இறக்காமல், பார்வையாளர்களின் கண்முன்னே, அரண்மனை சில நொடிகளில் காடாக மாறிவிடுகிறது. கடல் வேண்டுமென்றால், திருகுபோல் முறுக்கிச் செதுக்கி நீல வண்ணம் பூசிய நீண்ட மர உருளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, கைப்பிடியால் சுழற்றுவார்கள். அலைகள் எழுந்து விழுவதாகத் தோன்றும். இடிக்கு, கற்கள் நிரப்பிய மரப்பெட்டியைக் கூரைக்கு அடியில் சாய்த்து உருட்டுவார்கள். 'குஸ்தாவ் வாசா' போன்ற கதைகளைத் திட்டமிடும்போது மன்னர் காட்சி மாற்றங்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்ததற்குக் காரணம், ஆண்டுதோறும் அவர் இப்படிப்பட்ட மேடையின் எதிரிலேயே அமர்ந்திருந்ததுதான் என்பது என் எண்ணம்.

அரண்மனையோடு சேர்ந்து அந்த அரங்கும் 1991 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மன்னர் சுடப்பட்ட இரவில் அணிந்திருந்த உடைகளும் முகமூடியும் ஸ்டாக்ஹோம் அரண்மனையிலுள்ள படைக்கல அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ட்ரொட்னிங்ஹோல்ம் அரங்கில் வெப்பமூட்டும் வசதி இல்லை, எனவே கோடைக்காலத்தில் மட்டுமே ஓபரா நிகழ்ச்சிகள் நடக்கும்.